கடன் வட்டியும் வாடகை வீடும்: இங்கிலாந்தில் எந்த வழி யாருக்கு?

பிரிட்டனில் கடன் எடுத்து வீடு வாங்கி வாடகைக்கு விடுபவர், வட்டி முழுவதையும் செலவாகக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி கட்டிய காலம் ஒன்று இருந்தது. 2015 ஜூலை பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அதற்கு முடிவுரை எழுதினார். அந்த ஆண்டின் இரண்டாம் நிதிச் சட்டத்தில் 24ஆம் பிரிவாக வந்த மாற்றம், 2017 ஏப்ரலில் தொடங்கி ஆண்டுக்குக் கால்பங்காக அந்தக் கழிவைக் குறைத்தது. 2020-21 வரியாண்டில் கழிவு முழுதாக நின்றது. இப்போது வாடகை மொத்தத்துக்கும் வரி கணக்கிடப்படுகிறது. பராமரிப்பு, ஏஜென்ட் கட்டணம் போன்றவை மட்டும் கழியும். வட்டிக்கு ஈடாக, அதில் 20 சதவீதம் கடைசியில் வரியிலிருந்து தள்ளுபடியாகும். இந்தியாவின் 1961 வருமான வரிச் சட்டத்தில் வாடகை வீட்டுக் கடன் வட்டியைக் கழிக்க இடம் தந்த பிரிவின் எண்ணும் 24தான். லண்டனில் வீடும் சென்னையில் வீடும் வைத்திருப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

பிரிட்டனின் இந்த மாற்றத்தின் உறைப்பு ஒரு கணக்கில்தான் தெரியும். 55 ஆயிரம் பவுண்டு சம்பளக்காரர் ஒருவர் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு வாங்கிய வீடு; அதில் 2 லட்சத்து 40 ஆயிரம் வட்டி மட்டும் கட்டும் கடன். ஆண்டு வாடகை 24 ஆயிரம், மற்றச் செலவு 4 ஆயிரம், வட்டி 5 சதவீதத்தில் 12 ஆயிரம். கையில் நிற்பது 8 ஆயிரம். பழைய முறையில் அதற்கு 40 சதவீதம், 3,200 பவுண்டு வரி. புதிய முறையில் 20 ஆயிரத்துக்கு 8 ஆயிரம் வரி, தள்ளுபடி 2,400 போக 5,600. மிஞ்சுவது 2,400. வட்டி 6.5 சதவீதமானால் உண்மையான லாபம் 4,400, வரி 4,880. லாபத்தைவிட வரி பெரிது. பற்றாக்குறையைச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும். 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்த இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2023 ஆகஸ்டில் 5.25 ஆனபோது பலர் விழித்துக்கொண்டது இதனால்தான். வட்டி மலிவாக இருந்தவரை சட்டத்தின் கடி பெரிதாக வலிக்கவில்லை.

குறைந்த வரி அடுக்கில் இருப்பவர் தப்பித்தார் என்றும் சொல்ல முடியாது. 38 ஆயிரம் சம்பளக்காரருக்கு அதே வீடு இருந்தால், கழியாத வட்டியும் வருமானமாக எண்ணப்பட்டு 50,270 பவுண்டு வரம்பைத் தாண்டிவிடுவார். ஆண்டுக்கு 1,546 பவுண்டு கூடுதல் வரி. குழந்தைகளுக்கான அரசு உதவியான சைல்ட் பெனிஃபிட் வாங்கும் குடும்பத்தில், ஒருவருடைய வருமானம் 60 ஆயிரம் தாண்டினாலே அந்தப் பணம் படிப்படியாகத் திரும்பிப் போகத் தொடங்கும். கையில் வராத வருமானம் அந்தக் கணக்கிலும் சேரும்.

அப்படியே வைத்திருப்பது, கடனை அடைப்பது, துணைவர் பெயருக்குப் பங்கு மாற்றுவது, கம்பெனிக்கு மாற்றுவது, விற்பது என்று வழிகள் எல்லோரும் அறிந்தவை. விடுமுறைத் தங்கலாக விடும் வீடுகளுக்கு இருந்த விலக்கும் 2025 ஏப்ரலில் எடுக்கப்பட்டதால் அந்தச் சந்து அடைபட்டது.

கடனைக் குறைப்பதை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. ஆனாலும் 5 சதவீத வட்டியில் 10 ஆயிரம் அடைத்தால் ஆண்டுக்கு 500 மிச்சம். இழக்கும் தள்ளுபடி 100 போக 400. வரி போக 4 சதவீதம், அதுவும் எந்த அபாயமும் இல்லாமல். 40 சதவீத வரி கட்டுபவருக்கு, வரி பிடிக்கப்படும் சேமிப்புக் கணக்கு இதைத் தருவது அரிது.

வருமானம் இல்லாத அல்லது குறைந்த துணைவர் இருந்தால், பாதிப் பங்கை மாற்றுவதைத்தான் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மேற்சொன்ன வீட்டில் பாதி வருமானம், வேறு வருமானம் இல்லாத துணைவரின் 12,570 பவுண்டு வரியில்லா வரம்புக்குள் அடங்கிவிடும். குடும்பத்தின் மொத்த வரி 5,600இலிருந்து 2,800 ஆகும். கணவன் மனைவிக்குள் மாற்றும்போது மூலதன ஆதாய வரி எழாது. துணைவர் ஏற்கும் கடன் பாதி, அதாவது 1 லட்சத்து 20 ஆயிரம், 1 லட்சத்து 25 ஆயிரத்துக்குள் இருப்பதால் ஸ்டாம்ப் டியூட்டியும் இல்லை. வக்கீல் செலவும் கடன் கொடுத்தவரின் சம்மதமும்தான் தேவை. பங்கு சமமில்லாமல் பிரிந்தால் வரித்துறைக்குப் படிவம் 17 போக வேண்டும், பிரிவு உண்மையாகவும் இருக்க வேண்டும். காகிதத்தில் மட்டும் மனைவிக்கு என்று எழுதி, வாடகையைக் கணவர் வைத்துக்கொள்வது செல்லாது.

இவ்வளவு எளிய வழி இருக்க, பேச்செல்லாம் லிமிட்டெட் கம்பெனியைப் பற்றித்தான். ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு மாமா "நான் கம்பெனிக்கு மாத்திட்டன், நீயும் மாத்து" என்று சொன்னால் போதும், அடுத்த வாரம் இரண்டு மருமக்கள் அக்கவுண்டன்டைத் தேடிப் போய்விடுவார்கள். மாமா மாற்றியது எத்தனை வீடு, எந்த ஆண்டு, எவ்வளவு கட்டினார் என்று கேட்பவர் இல்லை.

கம்பெனிக்கு 24ஆம் பிரிவு பொருந்தாது என்பது உண்மை. வட்டி முழுதும் கழியும். 50 ஆயிரம் பவுண்டு வரையான லாபத்துக்குக் கார்ப்பரேஷன் வரி 19 சதவீதம். அதே வீட்டின் 8 ஆயிரம் லாபத்தில் 1,520 வரி போக 6,480 நிற்கும். அதை டிவிடெண்டாக எடுத்தால், வரியில்லா டிவிடெண்ட் வரம்பு நீங்கலாக மீதிக்கு 2025-26 விகிதத்தில் 33.75 சதவீதம் போய், கைக்கு வருவது சுமார் 4,460. தன் பெயரில் வைத்திருந்தால் 2,400தானே என்று இங்கேயே பலர் கணக்கை மூடிவிடுகிறார்கள்.

வீடு கம்பெனிக்குப் போவது சட்டத்தின் கண்ணில் ஒரு விற்பனை. தன் கம்பெனிக்கே கொடுத்தாலும் சந்தை விலைக்கு விற்றதாகக் கொள்ளப்படும். இன்று 4 லட்சம் பெறும் அந்த வீட்டில் ஆதாயம் 80 ஆயிரம்; 3 ஆயிரம் விலக்கு போக, 24 சதவீதத்தில் 18,480 பவுண்டு வரி. கம்பெனி கட்ட வேண்டிய ஸ்டாம்ப் டியூட்டி, 2024 அக்டோபர் 31 முதல் 5 சதவீதமான கூடுதல் வரியையும் சேர்த்து, 30 ஆயிரம். ஆக 48,480. ஆண்டுக்குச் சுமார் 2,060 மிச்சம் பிடிக்க இவ்வளவு கொட்டினால், போட்டதை எடுக்க 23 ஆண்டுக்கு மேல் ஆகும். கம்பெனிக் கடனுக்கு வட்டி அரை சதவீதம் கூடினால் 1,200 போகும். கணக்கு எழுத ஆண்டுக்கு 800 என்று வைத்தால் மிச்சம் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிடும். பழைய கடனை முன்கூட்டி முடிக்கும் அபராதம் தனி.

கம்பெனிக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள்: கம்பெனி தர வேண்டிய விலைப்பாக்கி இயக்குநர் கொடுத்த கடனாக நிற்கும், அதைத் திருப்பி எடுக்க வரியில்லை. சரிதான். அந்தச் சலுகையைச் சேர்த்தாலும், கூடுதல் வட்டியும் கணக்குச் செலவும் போக ஆண்டு மிச்சம் 2,460. போட்டதை எடுக்க ஏறத்தாழ 20 ஆண்டு.

ஆதாய வரியைத் தள்ளிப்போடும் சலுகை ஒன்றும் உண்டு. அது தொழிலாக நடத்துபவருக்கே கிடைக்கும். 2013இல் இந்தச் சலுகைக்காக மேல் தீர்ப்பாயத்தில் வென்ற எலிசபெத் ராம்ஸே, பல ஃபிளாட்டுகள் கொண்ட கட்டடத்தில் வாரம் சுமார் 20 மணி நேரம் உழைத்தவர். ஒரு வீட்டை ஏஜென்டிடம் ஒப்படைத்துவிட்டு மாதம் ஒரு மின்னஞ்சல் பார்ப்பவர் அந்தத் தீர்ப்பை நம்பி இறங்கக் கூடாது. வரிகளை ஒரேயடியாகத் தவிர்க்கலாம் என்று கூட்டாண்மையும் கம்பெனியும் கலந்த திட்டங்களை விற்பவர்களும் உண்டு. 2023 அக்டோபரில் 63ஆம் எண் ஸ்பாட்லைட் எச்சரிக்கையை வெளியிட்டு, அப்படிப்பட்ட திட்டங்கள் செல்லாது என்பதே தன் நிலைப்பாடு என்று வரித்துறை சொல்லிவிட்டது.

கம்பெனி பொருந்துவது புதிதாக வாங்குபவருக்கு. அதிலும் சம்பளம் வேறிடத்தில் வந்து, வாடகை லாபத்தைத் தொடாமல் அடுத்த வீட்டுக்குச் சேர்ப்பவருக்கு. வாடகையைக் கொண்டு வீட்டுச் செலவைப் பார்க்க நினைப்பவருக்கு அல்ல.

வாடகைக்கு விடுவதே எல்லோருக்கும் ஒத்துவரும் வேலையும் அல்ல. ஜனவரி ராத்திரியில் பாய்லர் நின்றால் போனை எடுக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் சான்றிதழ் வாங்க வேண்டும், இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தாலும் தவணை கட்ட வேண்டும். பெற்றோர் "செங்கல்லில் போட்ட காசு வீணாகாது" என்று நெருக்கினார்கள் என்பதற்காக இதில் இறங்கிய இளைஞர்கள், பழுது பார்க்க மனமில்லாமல் வீட்டையும் கெடுத்து, குடியிருப்பவரையும் வாட்டுகிறார்கள். அவர்களுக்கு விற்பதே நல்லது. மேற்சொன்ன வீட்டில் சிக்கியிருக்கும் சொந்தப் பணம் 1 லட்சத்து 60 ஆயிரம்; அது தருவது 2,400, அதாவது 1.5 சதவீதம். விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் மீதி. அந்த நம்பிக்கை உள்ளவர் பொறுமையாக இருக்கலாம். அவசரமாகக் கம்பெனி பெயருக்கு மாற்றுவது பொறுமையின்மைக்குக் கட்டும் கூலி. விற்றால் 60 நாளுக்குள் ஆதாய வரியைத் தாக்கல் செய்து கட்டிவிட வேண்டும்.

2027 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் வாடகை வருமானத்துக்குத் தனி விகிதங்கள்: 22, 42, 47 சதவீதம். வட்டித் தள்ளுபடியும் 22 ஆகும். நம் உதாரணத்தில் வரி 5,600இலிருந்து 5,760 ஆகிறது; ஆண்டுக்கு 160 பவுண்டுக்காக யாரும் பதறத் தேவையில்லை. டிவிடெண்ட் வரியும் 2026 ஏப்ரலில் 35.75 ஆக ஏறுவதால் கம்பெனிப் பக்கமும் சுமை கூடுகிறது.

குடியிருப்பவருக்கு இதனால் என்ன? 24ஆம் பிரிவை எதிர்த்துக் கிளம்பிய வீட்டுக்காரர்கள் அதற்கு "குடியிருப்பவர் மீதான வரி" என்றே பெயர் வைத்தார்கள். 2016இல் நீதிமன்றத்திலும் தோற்றார்கள். வரி அப்படியே வாடகையில் ஏறிவிடும் என்ற வாதம் பாதிதான் சரி. அதே தெருவில் கடனே இல்லாத வீட்டுக்காரரும் கம்பெனி வீடும் இருக்கையில், தன் வரியைக் காட்டி ஒருவர் மட்டும் வாடகையை ஏற்ற முடியாது. ஏற்றினால் ஆள் போய்விடும். ஆனால் நெருக்கடி தாளாமல் பலர் விற்று, காலி வீடுகள் குறைந்தால், மிஞ்சியவற்றுக்குப் போட்டி கூடி வாடகை ஏறும். முதலில் அடிபடுவது வாடகை ஏற்றத்தால் அல்ல, "வீட்டை விற்கப் போறோம், காலி பண்ணுங்கோ" என்ற கடிதத்தால்.

அதற்குக் கொஞ்சம் காப்பு வந்திருக்கிறது. வாடகையாளர் உரிமைச் சட்டம் 2025இன்படி, இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் வெளியேற்ற இடம் தந்த பழைய சட்டத்தின் 21ஆம் பிரிவு ஒழிகிறது. விற்பதற்காகக் கேட்டாலும் குடிவந்த முதல் 12 மாதத்துக்குள் வெளியேற்ற முடியாது. 4 மாத நோட்டீஸ் வேண்டும். வாடகையை ஆண்டுக்கு ஒருமுறைதான், 2 மாத நோட்டீஸுடன் ஏற்றலாம். அதிகம் என்று தோன்றினால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வீட்டுக்காரர் கேட்டதற்கு மேல் அது நிர்ணயிக்காது. வீட்டுக்காரர் எவ்வளவு வரி கட்டுகிறார் என்பது அங்கே எடுபடாது. அதேபோன்ற வீட்டுக்கு அந்த வட்டாரத்தில் என்ன வாடகை என்பதே கேள்வி.