கூடைக்குள் என்ன இருக்கிறது? – பங்குச் சந்தைக் குறியீடும் இ.டி.எஃப். முதலீடும்

 

நம் வீடுகளில் சேமிப்பு இல்லாமல் இல்லை. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்தது, கடை லாபத்தில் மிஞ்சியது, ஹஜ்ஜுக்கென்று ஒதுக்கியது, பிள்ளைகளின் படிப்புக்கென்று வைத்தது என ஏதோ ஒன்று இருக்கிறது. வங்கியில் போட்டால் வட்டி என்று தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தை அறிந்தே, ‘ஹலால் முதலீடு, மாதாமாதம் லாபம்’ என்று சிலர் கதவைத் தட்டுகிறார்கள். பெங்களூரில் அப்படிப் பணம் திரட்டிய ஒரு நிறுவனம் 2019-ல் சரிந்தபோது பல்லாயிரம் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. மறுபக்கம் நம் இளைஞர்கள் கைபேசியில் ‘டிப்ஸ்’ பார்த்து ஒரே நாளில் வாங்கி விற்றுப் பணம் இழக்கிறார்கள். இந்த இரண்டிலும் சிக்காதிருக்க, பங்குச் சந்தையின் அடிப்படையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறியீடு என்பது ஓர் அளவுகோல்

‘சென்செக்ஸ் 500 புள்ளி உயர்ந்தது’ என்று செய்தியில் கேட்கிறோம். புள்ளி என்பது பணமல்ல. சில பெரிய நிறுவனங்களின் மொத்தப் பங்கு மதிப்பு எவ்வளவு மாறியது என்பதைக் காட்டும் எண். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸில் 30 நிறுவனங்கள் உள்ளன. 1978-79-ஆம் ஆண்டின் மதிப்பை 100 என்று வைத்துக் கணக்கிடப்படுகிறது. தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டியில் 50 நிறுவனங்கள். 1995 நவம்பர் 3-ஆம் தேதி மதிப்பு 1,000 என்பது அதன் தொடக்கம்.

கணக்கு எளிது. மூன்று நிறுவனங்களின் மதிப்பு 500 கோடி, 300 கோடி, 200 கோடி என்று கொள்வோம். மொத்தம் 1,000 கோடி. இதை 100 புள்ளி என்கிறோம். முதல் நிறுவனத்தின் மதிப்பு 10 சதவீதம் ஏறினால் மொத்தம் 1,050 கோடி, குறியீடு 105. மூன்றாவது நிறுவனம் அதே 10 சதவீதம் ஏறினால் மொத்தம் 1,020 கோடி, குறியீடு 102 மட்டுமே. பெரிய நிறுவனம் அசைந்தால் குறியீடு அதிகம் அசையும். உரிமையாளர் குடும்பம் விற்காமல் வைத்திருக்கும் பங்குகளைக் கழித்துவிட்டு, சந்தையில் கைமாறக்கூடிய பங்குகளின் மதிப்பையே சென்செக்ஸும் நிஃப்டியும் கணக்கில் எடுக்கின்றன.

இ.டி.எஃப். என்றால் என்ன?

அளவுகோலை யாரும் வாங்க முடியாது. குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் ஒரு நிதி நிறுவனம் வாங்கிக் கூடையாக வைத்து, அந்தக் கூடையைச் சிறு யூனிட்டுகளாகப் பிரித்துச் சந்தையில் விடுகிறது. இதுவே இ.டி.எஃப். இந்தியாவின் முதல் இ.டி.எஃப். ஆன நிஃப்டி பீஸ் 2002 ஜனவரியில் வர்த்தகத்துக்கு வந்தது. டிமேட் கணக்கு உள்ள எவரும் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை ஒரு பங்கை வாங்குவதுபோலவே இதை வாங்கலாம், விற்கலாம். வாங்கிய யூனிட் மறு வேலை நாளில் கணக்கில் சேரும்.

அப்படியானால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘விலை ஏறுமா?’ என்பதல்ல, ‘கூடைக்குள் என்ன இருக்கிறது?’ என்பதுதான்.

நிஃப்டி 50-ன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும். சிகரெட் தயாரிக்கும் நிறுவனமும் அதில் உண்டு. வங்கி வட்டி வேண்டாம் என்று விலகி வந்து, நிஃப்டி யூனிட்டை வாங்கினால் நாம் வங்கியின் பங்குதாரர் ஆகிவிடுகிறோம்.

ஷரீஆ குறியீடு

இதற்காகவே வடிகட்டிய குறியீடுகள் உள்ளன. உலக அளவில் டவ் ஜோன்ஸ் இஸ்லாமியச் சந்தைக் குறியீடு 1999-ல் வந்தது. நம் நாட்டில் நிஃப்டி 50 ஷரீஆ குறியீடு உள்ளது. அதைப் பின்பற்றும் ஷரீஆ பீஸ் என்ற இ.டி.எஃப். 2009 முதல் சந்தையில் இருக்கிறது.

வடிகட்டுவது இரண்டு கட்டமாக நடக்கும். வட்டி வங்கி, மது, புகையிலை, சூதாட்டம், பன்றி இறைச்சி போன்ற தொழில்கள் முதலில் நீங்கும். பிறகு மீதமுள்ள நிறுவனங்களின் கணக்கைப் பார்ப்பார்கள். பஹ்ரைனில் இயங்கும் அயோஃபி அமைப்பின் தரவிதிப்படி, வட்டிக் கடன் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தையும், கூடாத வழி வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. குறியீட்டுக்குக் குறியீடு இந்த வரம்புகள் சற்று மாறும். வரம்புக்குள் கலந்துவிட்ட வருமானத்தைக் கணக்கிட்டு, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்த வரம்புகளையே ஏற்காத ஆலிம்களும் உண்டு. எனவே உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இ.டி.எஃப். யூனிட்டுக்கு ஸகாத் கணக்கிடும் முறையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கவனிக்க

ஒன்று: கூடையின் உண்மை மதிப்பைப் பாருங்கள். நிதி நிறுவனம் தன் இணையதளத்தில் வர்த்தக நேரத்தில் இதை அறிவித்துக்கொண்டே இருக்கும். சந்தை விலை இதிலிருந்து விலகலாம்.

இரண்டு: ஷரீஆ பீஸ் போன்றவற்றில் வர்த்தகம் குறைவு. உண்மை மதிப்பு 500 ரூபாய் என்றால், விற்பவர் 510 கேட்பார், வாங்குபவர் 492 தருவார். ‘மார்க்கெட் ஆர்டர்’ போட்டால் 510-க்கு வாங்கி, அவசரத்தில் 492-க்கு விற்பீர்கள். சந்தை அசையாமலே யூனிட்டுக்கு 18 ரூபாய் போய்விடும். ‘லிமிட் ஆர்டர்’ போட்டு, நீங்கள் தரும் விலையை நீங்களே குறியுங்கள்.

மூன்று: ஆண்டுச் செலவு விகிதத்தைப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு 1 சதவீதம் என்றால் வருடம் 1,000 ரூபாய். 0.1 சதவீதம் என்றால் 100 ரூபாய்.

நான்கு: கடன் வாங்கி வாங்காதீர்கள். தரகு நிறுவனங்கள் தரும் ‘மார்ஜின்’ பணத்துக்கு வட்டி உண்டு.

ஐந்து: ஒரே நாளில் வாங்கி விற்பதையும், ஃப்யூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தையும் விட்டு விலகுங்கள். கைவசம் வராததை விற்பது கூடாது என்பதால் ஆலிம்கள் பலர் இவற்றை ஏற்பதில்லை. உலகக் கணக்கும் அதையே சொல்கிறது. ஃப்யூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர், 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டமடைந்தனர் என்று செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

இறக்கமும் உண்டு

கூடையாக வாங்கினால் ஒரு நிறுவனம் மூழ்கினாலும் நாம் மூழ்கமாட்டோம். ஆனால் சந்தையே இறங்கினால் கூடையும் இறங்கும். 2020 ஜனவரியில் 12,300-ஐத் தாண்டி நின்ற நிஃப்டி, கொரோனா அச்சத்தில் மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. ஒரு லட்சம் சுமார் 62,000 ஆனது. அதே ஆண்டு நவம்பரில் பழைய உயரத்தை மீட்டது. காத்திருந்தவர் தப்பினார். ஏப்ரலில் மகள் திருமணம் வைத்திருந்தவரால் காத்திருக்க முடியாது. ஆகவே ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும், அதையும் சிறிது சிறிதாகப் போடுவதே அறிவுடைமை. திருமணம், மருத்துவம், ஹஜ் பயணம் என்று தேதி குறித்த பணம் இங்கே வரக் கூடாது.

எந்த இ.டி.எஃப்.-ஐயும் வாங்கச் சொல்லி நாம் இதை எழுதவில்லை. யார் எதை விற்க வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: கூடைக்குள் என்ன இருக்கிறது? என் பெயரில் எங்கே பதிவாகிறது? நாளை பாதியானால் என் குடும்பம் தாங்குமா? ‘மாதாமாதம் இவ்வளவு லாபம் நிச்சயம்’ என்பவரிடம் இந்த மூன்றுக்கும் பதில் இராது. அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஹலாலான உழைப்பில் வந்த பணத்தை அல்லாஹ் பாதுகாத்து, அதில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.