நோயும் நோயச்சமும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், நல்ல உழைப்பாளிகள் சிலர் தறியையும் வயலையும் விட்டு மருத்துவ நிலையங்களுக்கு அலைவதைக் காண்கிறோம். கால் மரத்தால் தீராத நரம்பு நோயோ, தலை வலித்தால் மூளைக் கட்டியோ என அஞ்சுகின்றனர். நூலுக்கும் விதைக்கும் வாங்கிய கடன் சோதனைகளில் கரைகிறது. இவ்வச்சம் பாசாங்கென எண்ணலாகாது. ஆறு மாதங்களுக்குக் குறையாது நீடிக்கும் இக்கவலையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் தனிக் கோளாறாகவே வகுத்துள்ளது.

ஒரு கணக்கு

10,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் ஒன்றுண்டு எனக் கொள்வோம். அதற்குரிய சோதனை நோயுள்ளவரைத் தவறாது காட்டும். நோயற்ற நூறு பேரில் ஒருவருக்கு மட்டும் நோய் உண்டெனப் பிழையாகக் கூறும். 10,000 பேரையும் சோதித்தால் உண்மை நோயாளி ஒருவர். வீணே கலங்குவோர் ஏறக்குறைய 100 பேர். எனவே, அறிகுறியின்றிச் செய்யும் சோதனை அச்சத்தை வளர்க்கவும் கூடும். மருத்துவர் அறிகுறி கண்டு செய்விக்கும் சோதனையின் மதிப்பு வேறு.

குழித்தறியில் நெடுநேரம் அமர்பவருக்குக் கால் மரத்தல் இயல்பு. சர்க்கரை நோயாலும் மரக்கும். அரிய நோயை அஞ்சுபவர் இத்தகைய பொதுக் காரணங்களைக் காணத் தவறுகின்றனர். மேலும், கட்டி உண்டோ எனக் கழுத்தை ஓயாது அழுத்தினால் அவ்விடம் வலிக்கும். அவ்வலியே புதிய ஐயத்தைத் தரும்.

செய்ய வேண்டியவை

1. ஒரே மருத்துவரிடம் யாவற்றையும் கூறி, அவர் குறிக்கும் நாளில் மீண்டும் செல்க. இடையில் புதிய அறிகுறி தோன்றினாலும், உள்ளது மிகுந்தாலும் அவரிடமே கூறுக.

2. உடலைத் தடவிப் பார்த்தல், கைப்பேசியில் நோய்களைத் தேடுதல், வீட்டாரிடம் திரும்பத் திரும்ப உறுதி கேட்டல் ஆகியவற்றைப் படிப்படியாகக் குறைக்க. மாலையில் இருப்புப் பணத்தை எண்ணிப் பதிந்தபின் பெட்டியைப் பூட்டுகிறோம், இரவெல்லாம் திறந்தெண்ணுவதில்லை.

3. உறக்கமும் தொழிலும் கெடுமாயின் மனநல மருத்துவரை நாடுக. எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பேச்சுச் சிகிச்சை நற்பயன் தருவது. 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

நெஞ்சை அழுத்தும் வலி, திடீரென ஒருபுறம் கைகால் செயலிழத்தல் ஆகியவற்றில் ஒரு கணமும் தாமதியாது 108-ஐ அழைக்க. இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலையும் மருத்துவரிடம் காட்டுக.

பயிற்சி: மேற்கண்ட கணக்கில் நோய் 100 பேரில் 10 பேருக்கு இருப்பின் விடை எவ்வாறு மாறும்? அங்கத்தினர்கள் கூடிக் கணக்கிட்டுப் பார்ப்பார்களாக.