48 வோல்ட் டிரில்லுக்குள் என்ன இருக்கிறது?

புளியங்குடிக்காரர்களுக்கு பேட்டரி புதிதில்லை. எலுமிச்சைத் தோப்பு இருக்கிற வீட்டில் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் இருக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். வாசலில் செல்ஃப் ஸ்டார்ட் பைக். இந்த மூன்றும் சொல்லிக்கொடுத்த பாடத்தோடுதான் பேட்டரி டிரில் வாங்கக் கடைக்குப் போகிறோம். பிசகு அங்கேயே தொடங்குகிறது. அந்த மூன்றுக்குள்ளும் பெரும்பாலும் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. டிரில்லுக்குள் இருப்பது லித்தியம் அயான். ஒன்றுக்குச் சொன்ன பத்தியம் மற்றதற்கு நஞ்சு.

பேட்டரி டிரில் வாங்குகிறவர் பெரும்பங்கு காசு கொடுப்பது பேட்டரிக்குத்தான். மோட்டாரும் கியரும் வீட்டு வேலைக்குப் பல வருஷம் தாங்கும். பேட்டரிக்கு ஆயுள் குறைவு. அடுத்து எந்த மெஷின் வாங்கலாம் என்பதையும் அதுவே முடிவு செய்துவிடுகிறது. ஆனால் கடையில் நாம் டிரில்லைத் தூக்கிப் பார்க்கிறோம், சுவிட்சை அமுக்கிப் பார்க்கிறோம், பெட்டிக்குள் எத்தனை பிட் இருக்கிறது என்று எண்ணுகிறோம். பேட்டரியைக் கழற்றி அதன் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை வாசிப்பவர் அபூர்வம்.

"48 வோல்ட் அண்ணாச்சி, 18-ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல இழுக்கும்"

இது இப்போது மிக அதிகமாக ஏமாற்றும் நம்பிக்கை. விவரம் கொஞ்சம் கணக்குதான், பொறுமையாகப் பார்க்கலாம்.

லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். முழுக்க சார்ஜ் ஏறியதும் 4.2 வரை போகும். ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். அதே ஐந்தைச் சார்ஜ் ஏறிய கையோடு அளந்தால் 20, 21 காட்டும். 18, 20, 21 என்று மூன்று பெட்டியில் மூன்று எண் அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல் கோவைதான். டிவால்ட் கம்பெனி இந்த ஐந்து செல் பேட்டரியை அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் விற்கிறது. 12 வோல்ட் என்று விற்கப்படுவதும் மூன்று செல், சராசரியில் 10.8 வோல்ட். இந்த 18 என்ற எண் லித்தியம் வருவதற்கு முன்பே இருந்தது. பழைய நிக்கல் காட்மியம் செல் 1.2 வோல்ட், பதினைந்தைக் கோத்து 18 ஆக்கினார்கள். 2005-ஐ ஒட்டி மில்வாக்கி, மகிட்டா போன்ற கம்பெனிகள் லித்தியத்துக்கு மாறியபோது, ஐந்து செல்லிலேயே அதே 18 வந்துவிட்டது.

அப்படியானால் பெயர் தெரியாத பெட்டிகளில் இருக்கும் 48, 88? நிஜமான 48 வோல்ட்டுக்குப் பதின்மூன்று செல் வரிசையாக வேண்டும். கைக்குள் அடங்கும் பேட்டரியில் அதற்கு இடமில்லை. உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை, கூடவே தரும் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் 21 வோல்ட் என்று போட்டிருந்தால் உள்ளே ஐந்து செல்தான். பேட்டரியின் மேலே இருக்கும் 48 வெறும் பெயர்.

வோல்ட்டை ஏ.எச்.-ஆல், அதாவது ஆம்பியர் அவரால், பெருக்கினால் வாட் அவர் கிடைக்கும். பேட்டரியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று சொல்லும் எண் அதுதான். 18 வோல்ட், 2 ஏ.எச். என்றால் 36 வாட் அவர், 5 ஏ.எச். என்றால் 90. ஏ.எச்.-இலும் பொய் அச்சடிக்கிறார்கள். அதைப் பிடிக்கத் தராசு போதும். பரவலாகப் பயன்படும் 18650 செல் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. ஒன்று ஏறக்குறைய 45 முதல் 50 கிராம். அதில் 3.6 ஏ.எச்.-க்கு மேல் அடைப்பது அரிது. டிரில்லுக்கு ஏற்ற வகையில் 2 முதல் 3 வரைதான் வரும். எனவே உண்மையான 5 ஏ.எச். பேட்டரிக்குள் ஒன்று இந்தச் சிறிய செல் பத்து இருக்க வேண்டும், அல்லது 70 கிராம் வரும் பெரிய 21700 செல் ஐந்து இருக்க வேண்டும். கூடு, தகடு, சர்க்யூட் எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்கு வந்துவிடும். 5 ஏ.எச். என்று எழுதிய பேட்டரி 350 கிராம் காட்டினால் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

லேபிளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்கான லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தியாவில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்கும். தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கிறதா என்று பாருங்கள். லித்தியம் பேட்டரி பெட்டியைப் பிரிக்காமல் கடை அலமாரியில் இருந்தாலும் வயதாகும். மூன்று வருஷப் பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் வாங்குவதில் லாபமில்லை.

"எந்த பேட்டரின்னாலும் மாட்டிக்கிடலாம், 18-ன்னா 18 தான"

மாட்ட முடியாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் பேட்டரிக்குத் தனி வரிப்பள்ளமும் தனி முனைகளும் வைத்திருக்கிறது. ஒரே கம்பெனிக்குள்ளேயே பிரிவு உண்டு. பாஷ் நிறுவனத்தின் நீல நிற மெஷினும் பச்சை நிற மெஷினும் இரண்டுமே 18 வோல்ட்தான். ஆனாலும் ஒன்றின் பேட்டரி இன்னொன்றில் ஏறாது. மகிட்டாவின் 18 வோல்ட் பேட்டரி அதே மகிட்டாவின் 40 வோல்ட் மெஷினுக்கு ஆகாது. ஐரோப்பாவில் மெட்டபோ 2018-இல் தொடங்கிய கூட்டணியில் பல கம்பெனிகள் ஒரே பேட்டரியைப் பகிர்ந்துகொள்கின்றன. நம் ஊர் ஹார்டுவேர்ஸ் கடைக்கு அந்த வசதி எட்டும் வரை, முதல் டிரில்லோடு வருகிற பேட்டரிதான் அடுத்த பத்து வருஷத்துக்கு உங்களைக் கட்டிப்போடும் என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

ஒரு கம்பெனிப் பேட்டரியை இன்னொன்றின் மெஷினில் மாட்டும் அடாப்டர் ஆன்லைனில் விற்கிறது. நான் அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சில கம்பெனிகள் பேட்டரி அளவுக்கு மீறி இறங்காமல் காக்கும் சர்க்யூட்டை பேட்டரிக்குள் வைக்கின்றன. சில அதை மெஷினுக்குள் வைக்கின்றன. அடாப்டர் இடையில் வந்தால் இரண்டு பக்கமும் காவல் இல்லாமல் போகலாம். ஒருமுறை மிகத் தாழ்ந்த அழுத்தத்துக்கு இறங்கிய லித்தியம் செல் பழைய நிலைக்கு வராது. வலுக்கட்டாயமாகச் சார்ஜ் ஏற்றினால் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதே பேட்டரி தனியாக என்ன விலை? வெறும் மெஷின், பேட்டரி இல்லாமல், இதே வரிசையில் என்னென்ன கிடைக்கும்? தனிப் பேட்டரியே கிடைக்காத செட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் இரண்டு மூன்று வருஷத்தில் இரும்புக்கடைக்குப் போகும். தென்காசியிலோ ராஜபாளையத்திலோ திருநெல்வேலியிலோ சர்வீஸ் இருக்கிற கம்பெனியா என்பது, அதிலிருக்கும் விசேஷ வசதிகளை விட முக்கியம்.

"முழுசா தீர்த்துட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்று ஒரு கட்சி. "எப்பவும் ஃபுல்லா வச்சிருக்கணும்" என்று இன்னொரு கட்சி

முதல் கட்சி பேசுவது நிக்கல் காட்மியம் காலத்துப் பாடம். பாதியில் சார்ஜ் போட்டுப் பழக்கினால் அது மீதிப் பாதியை மறந்துவிடும் என்பார்கள். லித்தியத்துக்கு அந்த மறதி கிடையாது. அடிவரை இறக்குவதுதான் அதைத் தேய்க்கும். இரண்டாம் கட்சி பேசுவது ஸ்பிரேயரின் பாடம். லெட் ஆசிட் பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் ஒரு பருவம் மூலையில் போட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து செத்துவிடும், ஆகவே நிறைத்து வைக்க வேண்டும். ஸ்பிரேயருக்கு அது சரி. டிரில்லுக்கு அது நேர் எதிர்.

லித்தியம் பேட்டரி நிறைந்த நிலையில், அதுவும் வெப்பத்தில், வேகமாக மூப்படைகிறது. பேட்டரித் துறையில் பரவலாகக் காட்டப்படும் ஒரு கணக்கு உண்டு: 40 டிகிரி வெப்பத்தில் முழு சார்ஜோடு ஒரு வருஷம் கிடந்த செல்லில் ஏறக்குறைய 65 சதவீதக் கொள்ளளவுதான் மிஞ்சுகிறது, 40 சதவீத சார்ஜோடு கிடந்தால் 85 மிஞ்சுகிறது, 25 டிகிரியில் அதே 40 சதவீத சார்ஜில் 96. செல் வகைக்கு ஏற்ப எண் சற்று மாறும், போக்கு மாறாது. இதை நம் வீட்டோடு பொருத்திப் பாருங்கள். டிரில் பெட்டி எங்கே இருக்கிறது? மொட்டை மாடிக்குக் கீழே பரணில். சித்திரை வெயிலில் கான்கிரீட் தளம் காய்ந்து, இரவெல்லாம் சூட்டைக் கீழே இறக்கும் இடம் அது. எப்படி வைத்திருக்கிறோம்? ஃபுல் சார்ஜில், அடுத்த வேலைக்குத் தயாராக. வீட்டு டிரில்லின் பேட்டரி வேலை செய்து சாவதில்லை, வேலையே இல்லாமல் பரணில் வெந்து சாகிறது. பெட்டியைப் பரணில் வையுங்கள், பேட்டரியை மட்டும் கழற்றிக் கீழ் அலமாரியில், விளக்கு இரண்டு கோடு காட்டும் அளவில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் சொருகுவதும் வேண்டாம். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது பொதுவான வரம்பு. நல்ல சார்ஜர் தானே காத்திருக்கும், மலிவு சார்ஜர் காத்திருக்காது. கரண்ட் பில் ஏறுமோ என்ற பயத்துக்கு மட்டும் இடமே இல்லை: 90 வாட் அவர் பேட்டரியை நிரப்ப யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு கூடச் செலவாகாது.

"பேட்டரி மெஷின் விளையாட்டுச் சாமான்" என்பதும் பொய், "ஒயர் மெஷினே இனி வேண்டாம்" என்பதும் பொய்

பேட்டரி டிரில்லை நாசா கண்டுபிடித்தது என்று ஒரு கதை உலவுகிறது. பிளாக் அண்ட் டெக்கர் 1961-லேயே அதைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. நாசா பிறகுதான் அவர்களிடம் வந்தது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் நிலவின் தரையைத் துளைத்தது பேட்டரியில் ஓடும் டிரில்தான். ஆக அது விளையாட்டுச் சாமான் இல்லை. கதவுக் கீல், அலமாரித் தட்டு, கட்டில் போல்ட், கொசுவலைச் சட்டம், செங்கல் சுவரில் ஆறு மில்லிமீட்டர் ஓட்டை: இதற்கெல்லாம் நல்ல 12 வோல்ட் மெஷினே போதும், கையும் வலிக்காது.

ஆனால் தொடர்ந்து சக்தி குடிக்கும் வேலைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு இஞ்ச் கட்டிங் மெஷின் 850 வாட் என்றால், 90 வாட் அவர் பேட்டரி முழு இழுவையில் ஆறே நிமிஷம். டைல்ஸ் வெட்டவும் கம்பி அறுக்கவும் வீட்டில் பிளக் பாயிண்ட் இருக்கும்போது ஒயர் மெஷின்தான் நல்லது. லிண்டலிலும் தளக் கான்கிரீட்டிலும் ஓட்டை போடவும் அப்படியே. சாதாரண டிரில்லின் ஹாமர் மோடு பல் சக்கரங்கள் உரசி அதிர்வதுதான். கருங்கல் ஜல்லியில் பட்டால் பிட் பழுக்கக் காய்ந்து மழுங்கும். பிஸ்டன் வைத்து அடிக்கும் ரோட்டரி ஹாமர் வேறு ஜாதி. வருஷத்துக்கு ஒருநாள் தேவைப்பட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வருஷத்துக்குப் பத்து ஓட்டை மட்டுமே போடும் வீட்டுக்கு நான் சொல்வது 600 வாட் ஒயர் டிரில். பரணில் பத்து வருஷம் கிடந்தாலும் எடுத்த அன்று ஓடும், கார்பன் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறையாவது ஸ்க்ரூ முடுக்குகிற வேலை இருப்பவருக்கும், தோப்பில் பிளக் பாயிண்ட் இல்லாத இடத்தில் வேலை இருப்பவருக்கும் பேட்டரி மெஷின் நிஜமான உதவி. அவர்கள் பிரஷ்லெஸ் மோட்டார் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும்.

பேட்டரி செத்ததும் "செல் மட்டும் மாத்திக்கிடலாம், செல்லெல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். 500 வாட் இழுக்கும் டிரில், 18 வோல்ட்டில் 28 ஆம்பியர் கேட்கிறது. ஐந்து செல் பேட்டரியில் ஒவ்வொரு செல்லும் அந்த 28-ஐத் தாங்க வேண்டும். பவர் பேங்க்கிலிருந்து எடுத்த செல் ஐந்து, பத்து ஆம்பியருக்கு மேல் தாங்காது. வடிவமும் அளவும் ஒன்றாக இருப்பதால் வெளியே வித்தியாசம் தெரியாது, உள்ளே கொதிக்கும். மாற்றுவதானால் அதிக இழுவைக்கான செல்லாக, ஐந்தையும் ஒரே சமயத்தில், சால்டரிங் இல்லாமல் ஸ்பாட் வெல்டிங்கில் மாற்றுபவரிடம் கொடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது மீதி நாலையும் கொல்லும்.

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும்போது டூல்ஸ் வாங்கிவருகிற வீடுகள் புளியங்குடியிலும் கடையநல்லூரிலும் நிறைய. துபாய் சார்ஜர் இங்கே ஓடும், பிளக் முனை மட்டும் மாறும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் சார்ஜரை நம் 230-இல் சொருகினால் அப்போதே புகையும். விமானத்தில் மெஷின் பெரிய பெட்டியில் போக வேண்டும், தனிப் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட் அவர் வரை பொதுவாக அனுமதி, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். 18 வோல்ட் 5 ஏ.எச். பேட்டரி 90-இல் நின்றுவிடும். 6 ஏ.எச். என்றால் 108, கேட்காமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வரும்படி ஆகலாம்.

உப்பிய பேட்டரி, தண்ணீரில் விழுந்த பேட்டரி, சார்ஜ் ஏறாத பேட்டரி எதையும் குப்பை வண்டியில் போடாதீர்கள். நசுங்கினால் வண்டியிலேயே தீப்பற்றும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, வாங்கிய கடையிலோ கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ கொடுத்து, எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.