வெளிநாட்டிலிருந்து நீலகிரிக்குக் குடிவருகிறீர்களா? கருவிகளையும் காற்றையும் கவனியுங்கள்

துபாயிலும் டெக்சாஸிலும் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு, குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு வீட்டைப் பார்த்து வந்து சேருகிறவர்கள் உண்டு. சாமான் கட்டும்போது அவர்கள் கேட்பவை இரண்டு கேள்விகள். இந்தக் கருவிகள் அங்கே ஓடுமா? அங்கே காற்று எப்படி இருக்கும்?

காற்றுக்கு நீலகிரி பேர் போனது. தூசி ஆகாத தொழிலான போட்டோ பிலிம் தயாரிப்புக்கு, 1960-ல் ஊட்டியைத் தேர்ந்துதான் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆனால் வெளியே காற்று நன்றாக இருக்கிறது என்பதால் வீட்டுக்குள்ளும் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மழைக்கும் குளிருக்கும் பயந்து ஜன்னலைச் சாத்தியதும் ஈரமும் புகையும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. கேமரா லென்ஸைக் கெடுப்பதும், ஆஸ்துமா உள்ள குழந்தையைப் படுத்துவதும் அந்த அடைபட்ட காற்றுதான். ஆகவே கருவியையும் காற்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அதற்கான படிகள் இவை.

1. பெட்டி கட்டும் முன் லேபிளைப் படியுங்கள்

இந்தியாவில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு கருவியின் முதுகிலும், சார்ஜரின் அடியிலும் பொடி எழுத்தில் 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் கவலையில்லை. லேப்டாப், செல்போன், கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். பிளக் முள் மட்டும் மாற்ற வேண்டும்.

120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்காவுக்கென்றே செய்த பொருள். வெறும் பிளக் அடாப்டர் போட்டு இங்கே சொருகினால் அந்த நொடியே புகைந்துவிடும். அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் ஹெர்ட்ஸையும் பார்க்க வேண்டும். எமிரேட்ஸில் 50 ஹெர்ட்ஸ், சவுதியில் 60 ஹெர்ட்ஸ். சவுதியில் வாங்கிய ஃபிரிட்ஜும் வாஷிங்மெஷினும் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்தவை என்றால், வோல்ட் பொருந்தினாலும் இங்கே மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடாகும்.

2. எதைக் கொண்டுவருவது, எதை விட்டுவிடுவது

அமெரிக்காவில் வாங்கிய மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மைக்ரோவேவ், ஏர் பியூரிஃபையர், ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் ஆகியவற்றை அங்கேயே விற்றுவிடுங்கள். 1,500 வாட் கருவிக்கு அதைவிடப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது கனம், விலையும் கூட. மைக்ரோவேவுக்கு அதனாலும் பயனில்லை, டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது.

மறக்காமல் கொண்டுவர வேண்டியது ஒன்று உண்டு: பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம். அதன் பின்புறத்தில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. குடிமாற்றச் சலுகைக்கான சுங்க விதிகள் அவ்வப்போது மாறுவதால், சாமான் அனுப்பும் வாரத்தில் சுங்கத் துறையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. உயரத்தைக் கணக்கில் எடுங்கள்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. மெலிந்த காற்று சூட்டைச் சரியாக வாங்கிக்கொள்ளாது. மின்விசிறியால் குளிரும் கருவிகளான புரொஜெக்டர், இன்வெர்ட்டர், கேமிங் லேப்டாப் ஆகியவற்றைச் சுற்றி இடம் விட்டு வையுங்கள். புரொஜெக்டரில் 'ஹை ஆல்டிட்யூட்' என்ற அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். பல கருவிகளின் கையேட்டில் 2,000 மீட்டர் வரை என்று வரம்பு போட்டிருப்பார்கள். குன்னூர் அதற்குள் அடங்கும், ஊட்டி அடங்காது. வாங்கும் முன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரில் சோறு அரைவேக்காடாக நிற்பது இதனால்தான். பிரஷர் குக்கரை நம்புங்கள்.

4. குடிபோகும் முன் வயர்மேனை அழையுங்கள்

பழைய எஸ்டேட் பங்களாக்களில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், ஏர்த் மட்டும் இருக்காது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வயர்மேனைக் கூட்டிப்போய் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஏர்த் வேலை செய்கிறதா, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, மெயின் போர்டில் மின்னெழுச்சித் தடுப்பு பொருத்தியிருக்கிறதா.

மின்னலை லேசாக எடுக்காதீர்கள். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகம், 2014 டிசம்பர் 1 அன்று தலைக்கு மேல் போன ஓர் இடிமேகத்தில் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டது. கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிராட்பேண்ட் கேபிளையும் டிஷ் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். டிவியும் ரவுட்டரும் அந்த வழியாகவும் எரிந்துபோகும்.

பைக்காராவும் குந்தாவும் மின்சாரம் தரும் மாவட்டம்தான் இது. ஆனாலும் மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் வர நேரமாகும். 2019 ஆகஸ்டில் இங்குள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் இன்வெர்ட்டர் வைத்துக்கொள்வது அவசியம். மின்தடைப் புகாருக்கு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

5. ஓதத்தை அளந்து பாருங்கள்

சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கும். படுக்கையறையில் ஒன்று, புத்தக அலமாரிப் பக்கம் ஒன்று வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. தொடர்ந்து 70-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும்.

சுவரில் ஓதம் தெரிந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் தாளைச் சுவரோடு அழுத்தி நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறையின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்குக் காற்றோட்டம் போதும். சுவரை ஒட்டிய பக்கம் வேர்த்திருந்தால் மண்ணிலிருந்தோ கூரையிலிருந்தோ நீர் கசிகிறது. அதற்குக் கொத்தனார்தான் வேண்டும். பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள்.

கேமராவையும் லென்ஸையும் தோல் பையில் பூட்டி வைக்க வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். உறைபனிக் காலையில் வெளியே போய்வந்த லேப்டாப்பைப் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டுவைத்து, பிறகு இயக்குங்கள். டிஹியூமிடிஃபையர் வாங்குவதானால், 15 டிகிரிக்குக் கீழே கம்ப்ரெசர் வகை திணறும் என்பதை மனதில் வையுங்கள். ஊட்டிக் குளிருக்கு டெசிக்கன்ட் வகை பொருந்தும்.

6. அடைத்த அறையில் கரி வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கணப்புச் சட்டியில் கரி மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் விடியும்போது உயிரோடு இல்லை என்ற செய்தி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். புகை வராததால் ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் உயிரை வாங்குகிறது. குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும் இதே ஆபத்துதான். அதை வெளிச்சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

ஏர் பியூரிஃபையரின் ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், இந்த வாயுவைப் பிடிக்காது. அலாரத்தைப் படுக்கையறையில் வையுங்கள். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறக்கம் வந்தால் கதவுகளைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.

7. வெளிக்காற்றுக்கும் நேரம் பாருங்கள்

குளிர்கால மாலைகளில் விறகுப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் மேலே எழாமல் பள்ளத்தில் தங்கும். வீடு பள்ளத்தில் இருந்தால் காலை பத்து மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்து மாலை ஐந்துக்குள் சாத்துங்கள். பக்கத்தில் தேயிலையோ கேரட் தோட்டமோ இருந்தால், மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும்படி தோட்டக்காரரிடம் கேட்டு வையுங்கள். சீசனில் பிரதான சாலையில் வண்டிகள் நெரிந்து ஓரமெல்லாம் புகை மிகும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்ததற்கு அந்த நெரிசலே காரணம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் காற்றிலுள்ள பிஎம் 2.5 என்ற நுண்தூசியின் அளவைக் காட்டும் சிறு கருவி வாங்கலாம். ஒரு நாளுக்கான இந்திய வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. மலைக்கு வந்தவர்கள் 15-ஐயே இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

பணம் குறைவாக இருந்தால்

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் அலாரம், அடுத்து ஏர்த்தும் ஆர்சிசிபியும், பிறகு ஈரப்பதமானி. இந்த மூன்றும் ஒரு சாதாரண ஏர் பியூரிஃபையரின் விலைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பியூரிஃபையர் வேண்டுமா என்பதை ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் இருந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை வெயில் அடிக்கும் நாளெல்லாம் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அதற்குச் செலவே கிடையாது.