எல்லையில் பிறந்த பல்லியம்

நுழையும்முன்

திரைப்படம் ஒன்றில் ஒரு தாய் பேருந்து நிலையத்தில் நின்று தன் மகனை வழியனுப்புகிறாள். இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் காண்பவர் கண் கலங்குகிறது. சொல் இல்லாத இடத்தில் அவ்வுணர்வை எழுப்புவது பெரும்பாலும் பின்னணியில் ஒலிக்கும் இசையே. பல கருவிகள் கூடி எழுப்பும் அவ்விசையின் ஆற்றலையும், அதனைத் தமிழ்த் திரையில் வளர்த்த இருவரையும் இப்பாடத்தில் அறிவோம். அவ்விருவரும் நாம் வாழும் எல்லைப் பகுதியோடு தொடர்புடையவர்கள்.

1. பல்லியம் என்னும் சொல்

இசைக்கருவியை நம் முன்னோர் ‘இயம்’ என்றனர். பல இயங்கள் கூடி ஒலிப்பது ‘பல்லியம்’. இன்று நாம் ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்று வழங்குவதற்கு நேரான பழஞ்சொல் இது. போரில் புண்பட்ட வீரனைக் காத்த இல்லத்தில் யாழும் பல்லியமும் ஒலித்தன என்று புறநானூற்றுப் பாடல் ஒன்று காட்டுகிறது. துன்பம் சூழ்ந்த வேளையில் இசை துணை நிற்கும் என்பதைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர்.

சேரநாட்டு இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரம், மாதவியின் ஆடல் அரங்கேற்றத்தில் கருவிகள் ஒலித்த முறையை விளக்குகிறது. குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், அதன்பின் முழவும் பிறவும் ஒலித்தன. ஒவ்வொரு கருவியும் தனக்கு முன் ஒலித்ததைக் கேட்டு அதன்வழி நடந்தது.

தமிழ் மரபு கருவிகளை நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி, கஞ்சக்கருவி என வகுக்கும். மேலைநாட்டு இசைக்குழுவில் வயலின், வியோலா, செல்லோ ஆகியவை நரம்புக்கருவிகள். புல்லாங்குழல், கிளாரினெட், டிரம்பெட் ஆகியவை துளைக்கருவிகள். நம் மரபில் கருவிகள் ஒரே மெட்டைத் தொடர்ந்து செல்லும். மேலைநாட்டு முறையில் வெவ்வேறு கருவிகள் வெவ்வேறு சுரங்களை ஒரே வேளையில் எழுப்பும். அவை ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதை ஒத்திசைவு என்பர். இவ்விரு முறைகளும் தமிழ்த் திரையிசையில் கைகோத்தன.

2. எலப்புள்ளி தந்த மெல்லிசை மன்னர்

பாலக்காட்டு நகருக்குக் கிழக்கே உள்ள சிற்றூர் எலப்புள்ளி. அங்கே 1928ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் எம்.எஸ். விசுவநாதன் பிறந்தார். அவருடைய தாய்மொழி மலையாளம். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், கண்ணூரில் தாத்தாவிடம் வளர்ந்து, நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். பின்னர் ஜூபிடர் பட நிறுவனத்தில் எடுபிடிப் பணியாளராகச் சேர்ந்தார். ஏவிய பணிகளைச் செய்துகொண்டே இசைக்கலைஞர்களின் வாசிப்பைச் செவிமடுத்தார். கேட்டுக் கேட்டுக் கற்றதே அவருக்குப் பெரும் பள்ளியாயிற்று.

வயலின் கலைஞர் டி.கே. இராமமூர்த்தியுடன் இணைந்து 1952ஆம் ஆண்டு முதல் 1965ஆம் ஆண்டு வரை அவர் இசையமைத்தார். ‘மெல்லிசை மன்னர்கள்’ என்று இருவரும் போற்றப்பட்டனர். அக்காலத்தில் பாடகரும் வாத்தியக் கலைஞர்களும் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருங்கே கூடி இசைத்தனர். எவரேனும் ஒருவர் பிழைசெய்தால் அனைவரும் மீண்டும் இசைக்க நேரும். எனவே தன் கருவியில் தேர்ச்சி பெறுவதோடு, அருகில் இருப்பவரின் இசையைக் கவனிப்பதும் ஒவ்வொருவரின் கடமையாயிற்று. 1964ஆம் ஆண்டு வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தின் ஒரு பாடற்காட்சியில் இத்தகைய ஒலிப்பதிவையே காணலாம். விசுவநாதன் திரையில் தோன்றி இசைக்குழுவை நடத்துகிறார்.

தமிழ்நாட்டு விழாக்களில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 1970ஆம் ஆண்டு மெட்டமைத்தவரும் இவரே. அப்பாடலை இயற்றிய மனோன்மணியம் சுந்தரனார் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். அப்பாடலின் சொல், மெட்டு ஆகிய இரண்டும் இன்றைய கேரள மண்ணில் பிறந்தவர்களிடமிருந்தே வந்தன.

3. பண்ணைப்புரத்து இசைஞானி

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறச் சரிவில், இன்றைய தேனி மாவட்டத்தில் பண்ணைப்புரம் உள்ளது. மலையைக் கடந்தால் இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்கள். பண்ணைப்புரத்தில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் இளையராஜா. அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் மேடைதோறும் பாட்டுப் பாடி மக்களிடம் கருத்துகளைப் பரப்பியவர். 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தேயிலைத் தொழிலாளர்களிடையே பாவலர் பாடினார். இளம்பருவத்து இளையராஜாவும் அப்பயணத்தில் உடன் சென்றார். தொழிலாளர் குடியிருப்புகளில் ஒலித்த நாட்டுப்புற மெட்டுகள் அவர் நெஞ்சில் பதிந்தன.

அவர் செவிவழிக் கற்றவை பல. ஆயினும் அவர் அதனோடு நின்றுவிடவில்லை. 1968ஆம் ஆண்டு சென்னைக்குச் சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையைப் படிக்கவும் எழுதவும் கற்றார். 1976ஆம் ஆண்டு ‘அன்னக்கிளி’ படத்தின் வாயிலாக இசையமைப்பாளராக அறிமுகமானார். வயற்காட்டு மெட்டும் வயலின்களின் ஒத்திசைவும் அவருடைய இசையில் ஒன்றாயின. ஒவ்வொரு கருவிக்கும் உரிய சுரங்களை இசைக்குறிப்பாக அவரே எழுதித் தருவார்.

அவ்வாறு எழுதியதனால் விளைந்த பயன் யாது? எழுத்து தொலைவைக் கடக்கும். 2005ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய திருவாசக இசைப்படைப்பில் அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் இசைக்குழுவினர் வாசித்தனர். 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் அவர் எழுதிய சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. பண்ணைப்புரத்தைக் காணாத கலைஞர்களும் தாளில் எழுதப்பட்டதைப் படித்து, அவர் எண்ணிய ஒலியை எழுப்பினர்.

4. ஒரு மெட்டு, பல உணர்வு

எளிய மெட்டு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதைப் புல்லாங்குழல் மட்டும் மெல்ல இசைத்தால் தனிமை தோன்றும். செல்லோ தாழ்ந்த குரலில் நீட்டி இசைத்தால் துயரம் கனக்கும். இருபது வயலின்கள் சேர்ந்து இசைத்தால் உள்ளம் பொங்கும். டிரம்பெட்டும் முரசும் முழங்கினால் வெற்றி விழாவாகும். மெட்டு மாறவில்லை, அதைச் சொல்லும் குரலும், விரைவும், உடன் ஒலிக்கும் சுரங்களும் மாறின. சில இடங்களில் எல்லாக் கருவிகளையும் நிறுத்தி அமைதியைத் தருவார் இசையமைப்பாளர். அந்த அமைதியும் இசையின் ஒரு பகுதியே.

இவ்வாற்றலுக்கு மொழி தடையாவதில்லை. ‘பழசிராஜா’ என்னும் மலையாளப் படத்தின் பின்னணி இசைக்காக இளையராஜா தேசிய விருது பெற்றார். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட விசுவநாதனின் மெட்டுகளைத் தமிழர் தம்முடையவையாகவே பாடி மகிழ்கின்றனர்.

5. நமக்கு ஒரு செய்தி

மாணவர்களே! உங்களுக்கு வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், வகுப்பறையில் இந்தியும் ஆங்கிலமும் என மொழிகள் பல. ஒன்றைக் கற்க மற்றொன்றை விட்டுவிட வேண்டுமோ என்று உங்களுள் சிலர் ஐயுறலாம். பல்லியத்தில் வயலினுக்காகக் குழல் தன் குரலை விட்டுவிடுவதில்லை. தன் சுரத்தைச் செம்மையாக அறிந்த கருவியே பிறவற்றோடு பொருந்தி ஒலிக்கும்.

வீட்டில் பேசும் தமிழ் நீங்கள் செவிவழிப் பெற்ற செல்வம். அதனைப் படிக்கவும் எழுதவும் கற்கும்போது அது உங்கள் வீட்டுச் சுவர்களைக் கடந்து செல்லும். தொலைவில் இருப்பவரையும், இனிப் பிறக்கப் போகிறவரையும் சென்றடையும்.

சொல்லும் பொருளும்

இயம் – இசைக்கருவி
தண்ணுமை, முழவு – தோற்கருவி வகைகள்
கஞ்சக்கருவி – தாளம் போன்ற உலோகக் கருவி
செவிமடுத்தல் – கூர்ந்து கேட்டல்
இசைக்குறிப்பு – சுரங்களை எழுதிக் காட்டும் முறை

அறிந்துகொள்வோம்

பல் + இயம் = பல்லியம். தனிக்குறிலை அடுத்து வரும் மெய்யெழுத்து, வருமொழியின் முதலில் உயிரெழுத்து வந்தால் இரட்டிக்கும்.

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக.
1. சொல்லாற்றல் 2. கண்ணிமை 3. கல்லணை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஒத்திசைவு என்பது யாது?
2. தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் கேரள மண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கூறுக.
3. ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறரைக் கவனித்து இசைப்பது ஏன் இன்றியமையாததாயிற்று?

இ. சிந்தித்து விரிவாக எழுதுக.
இளையராஜா இசையை எழுதக் கற்றதற்கும், நீங்கள் தமிழை எழுதக் கற்பதற்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.

ஈ. செய்து பார்ப்போம்.
உங்கள் பாட்டியோ தாயோ பாடும் தாலாட்டு அல்லது தோட்டப் பாட்டு ஒன்றைக் கேட்டுத் தமிழில் எழுதுங்கள். அது எந்த ஊரில், எவரிடமிருந்து வந்தது என்பதையும் குறியுங்கள். அதற்குப் பின்னணி இசை அமைப்பதாயின் எந்தக் கருவியை முதலில் ஒலிக்கச் செய்வீர்கள்? காரணம் கூறி, வகுப்பில் அனைவரும் சேர்ந்து பாடுங்கள்.