பக்கம் முடியாத பத்திரிகை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நீளமான வாட்ஸ்அப் செய்தியை இரண்டு தடவை படித்தேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் அச்சுக் கோத்த காலத்துக்கே போய்விடுகிறேன் என்று உன் அண்ணி சொல்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருப்பதால் எழுதுகிறேன்.

அச்சுக்கும் இணையத்துக்கும் சேர்த்து உன்னையே செய்தி ஆசிரியராகப் போட்டுவிட்டார்கள். ரொம்ப சந்தோஷம். ‘இத்தனை வருஷம் பக்கம் போட்ட எனக்கு இந்தப் பிள்ளைகள் பேசுகிற பாஷையே புரியவில்லை அண்ணே’ என்று புலம்பியிருக்கிறாய். பாஷை ஒரு மாதத்தில் வந்துவிடும். எஸ்.இ.ஓ., டிஸ்கவர், தம்ப்நெயில் எல்லாம் நாம் ஷோல்டர், ஆங்கர், ஃபில்லர் என்று பேசிக்கொண்டது மாதிரிதான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண்ணிடம், ‘இதை எனக்குச் சொல்லிக் கொடும்மா’ என்று கேள். உன்னைக் குறைவாக நினைக்க மாட்டாள். தெரிந்த மாதிரி தலையாட்டினால்தான் பின்னால் போய்ச் சிரிப்பாள்.

வாசகர் மாறிவிட்டார் என்ற பயமும் உனக்கு இருக்கிறது. அது நமக்குப் புதுசு இல்லை. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியபோது, டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படித்தால் சுற்றி நிற்பவருக்கெல்லாம் விளங்குகிற தமிழ்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். பண்டிதத் தமிழில் பழகியவர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் எல்லாப் பத்திரிகையும் அந்தப் பக்கம்தான் நகர்ந்து வந்தது.

நான் உன்னிடம் சொல்ல நினைப்பது வேறு. அச்சில் நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்ட நிதானத்தில் பாதி மிஷின் கொடுத்தது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தாலுகா நிருபர் ஒரு செய்தி சொல்வார். பக்கம் முடிய இரவு பதினொன்று ஆகும். அதற்குள் இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன், எதிர்த்தரப்புக்கு ஒரு போன். சப் எடிட்டர் எழுதுவார், சீஃப் சப் திருத்துவார். புரூஃப் பார்க்கிறவர் எழுந்து வந்து, ‘இது சிவகங்கைப் பக்கத்துத் திருப்புவனமா, கும்பகோணம் பக்கத்துத் திருபுவனமா?’ என்று கேட்பார். சந்தேகமான செய்தி என்றால் ‘இடமில்லை, நாளைக்குப் பார்க்கலாம்’ என்று நின்றுவிடும். நாளைக்குப் பார்த்தால் அது செய்தியாகவே இருக்காது. வெளியே ஒருவருக்கும் தெரியாமல் ஒரு பொய் செத்துப்போயிருக்கும்.

இணையத்தில் இடம் தீராது, பக்கம் முடியாது, ராமநாதபுரத்துக்குப் பேப்பர் வேன் கிளம்புகிற நேரம் என்று ஒன்று கிடையாது. மிஷின் செய்துகொண்டிருந்த அந்த வேலையை இனி நீதான் ஆள் போட்டு, விதி போட்டுச் செய்ய வேண்டும். உன் புதுப் பதவியில் முக்கால்வாசி இதுதான் என்பேன்.

2016 டிசம்பர் 5 ஞாபகம் இருக்கிறதா? அன்று மாலை ஜெயலலிதா காலமாகிவிட்டதாகச் சில தொலைக்காட்சிகள் அறிவித்தன. இணையத்திலும் அந்தச் செய்தி ஓடியது. அ.தி.மு.க. தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. அப்போலோ மருத்துவமனை மறுத்ததும் இறங்கிய கொடி மறுபடி ஏறியது. மருத்துவமனை பிறகு அறிவித்த மரண நேரம் இரவு 11.30. அன்றைக்கு நாளிதழ்கள் தப்பித்ததற்குக் காரணம் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்காதே. மாலை ஆறு மணிக்கு அச்சடிக்கிற வசதி நமக்கு இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த வசதி உன் மேஜையிலேயே இருக்கிறது. அதனால் டெஸ்க்கில் எழுதி ஒட்டு: மரணச் செய்தி என்றால் குடும்பம், மருத்துவமனை, அரசு, இந்த மூன்றில் ஒன்று வாய் திறக்காமல் ஏறக்கூடாது. ‘எல்லாரும் போட்டுட்டாங்க சார்’ என்பது ஆதாரத்தில் சேராது. காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்கவும் வேண்டாம். மருத்துவமனை கடைசியாக என்ன சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது, வாசலில் என்ன நடக்கிறது என்று நேரம் போட்டு எழுதிக்கொண்டே இரு. எழுதியவரே பட்டனை அழுத்தி ஏற்றுகிற வழக்கம் உங்கள் ஆபீஸில் இருக்கிறதாமே, அதை முதல் வாரத்திலேயே நிறுத்து. பிந்தினாலும் பரவாயில்லை, இன்னொரு ஜோடிக் கண் பார்க்காமல் ஒரு வரியும் வெளியே போகக்கூடாது.

தலைப்பு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். நீ நல்ல தலைப்புக்காரன். அதனால்தான் உனக்கு இது கஷ்டமாக இருக்கும். பேப்பரில் தலைப்பு தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் படம், கீழே இன்ட்ரோ, மேலே மாவட்டப் பெயர். தேனிப் பக்கத்தில் ‘நிரம்பியது அணை’ என்று நீ ஆறு பத்தி அகலத்துக்குப் போட்டால் அது வைகை அணை என்று தேனிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனில் அந்தத் தலைப்பு துணை இல்லாமல் கிளம்புகிறது. யாரோ ஒருவரின் கல்யாணப் படத்துக்கும் கிரிக்கெட் வீடியோவுக்கும் நடுவில், துபாயில் இருக்கிறவர் கண்ணில் படுகிறது. எந்த அணை, எந்த ஊர், இன்றைக்கா போன வருஷமா, ஒன்றும் தெரியாது.

அதற்கு இளசுகள் கண்டுபிடித்திருக்கும் வழி, ‘வைகையில் நடந்தது என்ன? அதிர்ச்சியில் மக்கள்!’ ஆள் உள்ளே வருவார் என்பது உண்மை. ஆனால் 71 அடி உயர அணையில் தண்ணீர் 69 அடியைத் தொட்டால் மூன்றாம் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை. ஐந்து மாவட்டத்துக் கரையோர ஜனங்கள் மாடு கன்றை அவிழ்க்க வேண்டிய நேரம் அது. அவர்களிடம் போய் விடுகதை போடுவது அநியாயம். ‘வைகை அணை நீர்மட்டம் 69 அடி: 5 மாவட்டங்களுக்கு மூன்றாம் கட்ட எச்சரிக்கை’ என்று போடு. அழகில்லைதான். கிளிக்கே செய்யாதவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். உன் சிலேடைத் தலைப்புகளை ஞாயிற்றுக்கிழமை இணைப்புக்கு வைத்துக்கொள். அங்கே அவற்றை ரசிக்க இன்னும் ஆள் இருக்கிறது.

தேர்வு முடிவு வரும் நாட்களில் தலைப்பை நீயே பார். தற்கொலைச் செய்தியில் எப்படிச் செய்துகொண்டார் என்ற விவரமும் பரபரப்புத் தலைப்பும் கூடாது என்று பிரஸ் கவுன்சில் 2019-ல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. பேப்பரில் நாம் ஓரளவு அதைப் பின்பற்றுகிறோம். இணையத்தில் தேடுசொல் கிடைக்கும் என்பதற்காக அதே விவரத்தைத் தலைப்பிலேயே தூக்கி வைக்கிறார்கள். போக்சோ வழக்கிலும் இதே கதை. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை எடுத்துவிட்டு, பள்ளிக்கூடப் போர்டு தெரிகிற வீடியோவைப் போடுவார்கள். சட்டப்படி அடையாளத்தைத் தெரியப்படுத்துவது குற்றம். எழுத்தில் தெரிந்தால் என்ன, படத்தில் தெரிந்தால் என்ன?

நியூஸ் கார்டு பற்றிக் கேட்டிருந்தாய். நம்மூரில் செய்தி இப்போது அந்த வடிவத்தில்தான் நடமாடுகிறது: ஒரு தலைவர் படம், இரண்டு வரி, ஓரத்தில் நம் லோகோ. அதே நிறம், அதே எழுத்துருவில் நாம் போடாத ஒரு கார்டை யாரும் பத்து நிமிஷத்தில் செய்துவிடலாம். தேர்தல் நெருங்கினால் பெரிய செய்தி நிறுவனங்கள் எல்லாமே ‘இது எங்கள் கார்டு இல்லை’ என்று அறிவித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பாய். நீ இரண்டு காரியம் செய்யலாம். வெளியிடுகிற ஒவ்வொரு கார்டும் தேதியோடும் நேரத்தோடும் நம் தளத்தில் ஒரே பக்கத்தில் கிடைக்கட்டும். சந்தேகம் வந்தவர் அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார். போலி வந்தால் சாயங்காலக் கூட்டம் வரை காத்திருக்காமல் அந்த நிமிஷமே அதன் மேல் குறுக்கே ‘போலி’ என்று அடித்து வெளியிடு. நம் பிள்ளைகள் செய்கிற கார்டையும் கவனி. அரைமணி நேரம் பேசியவர், ‘அவர்கள் சொல்வதுபோல் இருந்தால்’ என்று ஆரம்பித்துச் சொன்ன வாக்கியத்தில் அந்த முன்பாதியை வெட்டிவிட்டு மீதியைக் கார்டாக்கினால், போலி செய்கிறவனுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சுவரில் மாட்டியிருக்கும் அந்த எண்கள் ஓடும் திரை உன்னை ரொம்ப மிரட்டுகிறது போலிருக்கிறது. இரவு பத்து மணிக்கு முதலிடத்தில் ராசிபலன்தான் நிற்கும். நிற்கட்டும். அச்சிலும் ராசிபலனுக்காகவே வாங்கியவர்கள் உண்டு. அதற்காக அதை நாம் முதல் பக்கத்துக்குக் கொண்டுவரவில்லை.

எண்ணைப் பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. எந்த எண்ணைப் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம். ஃபேஸ்புக், வீடியோக்களை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கை இரண்டு வருஷம் அதிகமாகக் காட்டிவந்ததாக 2016 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வீடியோதான் எதிர்காலம் என்ற அந்த அலையில் அமெரிக்காவில் பல செய்தி நிறுவனங்கள் எழுதுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பின. 2018 தொடக்கத்தில் அதே ஃபேஸ்புக், இனி செய்தியைவிட உறவினர், நண்பர்கள் பதிவுக்குத்தான் முன்னுரிமை என்றது. அதை நம்பிக் கடை விரித்தவர்களின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அதனால் எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைவிட, எத்தனை பேர் கடைசி வரி வரை வந்தார்கள், யார் யார் மறுநாளும் திரும்பி வந்தார்கள் என்று பார். நம் ஏ.என். சிவராமன் ‘கணக்கன்’ என்ற பெயரில் பொருளாதாரத்தை விளக்கி விளக்கித் தினமணியில் எழுதினார். எல்லாருக்குமான தீனி அது இல்லை. ஆனால் அதைப் படித்துப் பழகியவர் வேறு பேப்பருக்குப் போகவில்லை. ஜி.எஸ்.டி. பற்றியோ பத்திரப்பதிவுக் கட்டணம் பற்றியோ இன்றைக்கு அப்படி நிதானமாக விளக்கி எழுத ஒருவரைக் கண்டுபிடி. இணையத்தில் அது ஒரு நாளோடு போகாது, வருஷக்கணக்கில் தேடி வந்து படிப்பார்கள்.

சாயங்காலக் கூட்டத்தில் இன்னும் ‘முதல் பக்கத்துக்கு என்ன?’ என்றுதான் ஆரம்பிக்கிறீர்களா? நியூயார்க் டைம்ஸிலேயே அது பெரிய சிக்கலாக இருந்தது. தங்கள் நிருபர்கள் முதல் பக்கத்தையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று 2014-ல் அவர்களுடைய உள்ளறிக்கையே குறைப்பட்டுக்கொண்டது. மறு வருஷம் ஆசிரியர் டீன் பாக்கே, துறைகள் முதல் பக்கத்துக்குப் போட்டி போடுகிற பழைய முறையை நிறுத்தினார். நீயும் கூட்டத்தைக் காலையில் வை. முதல் பக்கத்தைக் கடைசியில் பேசு.

இணையம் கொடுத்த ஒரு நல்லதை நீ இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். அச்சில் பதிப்பு எல்லை ஒன்று உண்டு. பாம்பன் மீனவர் பிரச்சினையைப் பக்கம் பக்கமாகப் போடுவோம், ராமநாதபுரம் பதிப்பைத் தாண்டாது. சென்னையில் கோட்டையில் இருப்பவருக்கு அது வந்ததே தெரியாது. இப்போது அந்தச் செய்தியைக் கோட்டையில் இருப்பவரும் படிக்கலாம், குவைத்தில் வேலை பார்க்கும் அந்த மீனவரின் தம்பியும் படிக்கலாம். சென்னை டெஸ்க்கில் உட்கார்ந்து பத்து தளங்களில் இருக்கும் சினிமாச் செய்தியைப் பதினோராவதாக மாற்றி எழுதுவதைவிட இதில் ஆளைப் போடு.

உள்ளூர் ஆளின் அருமை 2023 மார்ச்சில் தெரிந்தது. தமிழ்நாட்டில் பிஹார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவின. வடக்கே சில பத்திரிகைகளும் அதை எடுத்துப் போட்டன. அது பொய் என்று சொல்லத் தமிழ்நாட்டுப் போலீஸே இறங்க வேண்டியிருந்தது. திருப்பூரில் ஒரு நிருபர் ரயில் நிலையத்துக்கும் இரண்டு பனியன் கம்பெனிக்கும் போய்விட்டு வந்தால் ஒரு மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். அந்த நிருபர் வேண்டும், அவ்வளவுதான்.

பழைய செய்திகளையும் எட்டிப் பார். யூனிகோடுக்கு முன்னால் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கிக்கொண்டால்தான் படிக்க முடியும். தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்ததே 2010-ல்தான். அதற்கு முந்தையது பலதும் இன்றைக்குத் தேடினால் அகப்படாது. நம் சர்வரில் கிடப்பதை மாற்றச் சொல். நிர்வாகம் செலவு என்னும். தாமிரபரணி பற்றித் தேடுகிறவர் நம்மிடம் வந்து சேர அதுதான் வழி என்று எடுத்துச் சொல்.

அச்சை மட்டும் இளக்காரமாகப் பேச விடாதே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல் சென்னையில் தி இந்து ஒரு நாள் வரவில்லை. இணையம்தான் அன்றைக்குக் கைகொடுத்தது. ஆனால் 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளத்தை முடக்கினார்கள். மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் திறந்தது. அப்போது அச்சிதழ் வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு காலும் நமக்கு வேண்டும்.

திருத்தம் பற்றி ஒரு வார்த்தை. தப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிற பழக்கம் இணையத்தில் எல்லாருக்கும் இருக்கிறது. அச்சில் அது முடியாது, மறுநாள் வருத்தம் போட்டே ஆக வேண்டும். என்ன மாற்றினோம், எத்தனை மணிக்கு மாற்றினோம் என்று செய்திக்குக் கீழே எழுதச் சொல். பழைய தலைப்போடு ஏற்கெனவே ஆயிரம் பேர் பகிர்ந்திருப்பார்கள். அவர்களில் பத்து பேராவது திரும்பி வந்து பார்ப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை நிர்வாகத்தோடு கூட்டம் என்று எழுதியிருந்தாய். புது ஸ்டுடியோ, லைட், கேமரா என்று அவர்களே ஆரம்பிப்பார்கள். நீ அதற்கு முன்னால் இரவு ஷிப்டுக்கு இன்னொரு ஆளைக் கேள். பகுதி நேர நிருபர்கள் முன்பு ஒரு செய்தி அனுப்பினார்கள். இப்போது அதே ஆள் எழுத்து, படம், வீடியோ, லைவ் எல்லாம் அனுப்புகிறார். கொடுக்கிற காசு மட்டும் பழைய காசு. அவர்களுக்குப் பெட்ரோலுக்கும் டேட்டாவுக்கும் மாதம் எவ்வளவு ஆகிறது என்று நான்கைந்து பேரிடம் விசாரித்துக் கணக்காக எழுதி வை. சும்மா பேசினால் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். திங்கள்கிழமைக்குள் எனக்கு அனுப்பினால் ஒரு பார்வை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்