மலைச்சரிவை அளக்கும் லேசர் தூரமானி

ஊவா மாகாணத்தின் மலைத்தோட்டங்களில் நிலத்தின் சாய்வை அறிந்திருத்தல் பயிருக்கும் உயிருக்கும் இன்றியமையாதது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது, பலர் உயிரிழந்தனர். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து குடியிருப்புகள் அழிந்தன. இத்தகைய சரிவுகளை ஆராயும் கருவிகளுள் ஒன்று, ட்ரோன் என்னும் ஆளில்லாச் சிறுவிமானத்தில் பொருத்தப்படும் லேசர் தூரமானி ஆகும்.

அளக்கும் முறை

ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். தூரமானி விடுக்கும் ஒளித்துடிப்பு நிலத்திற் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கருவி கணிக்கிறது. போக வர இரு வழியும் சேர்ந்திருப்பதால், அந்நேரத்தை ஒளியின் வேகத்தாற் பெருக்கிப் பாதியாக்கினால் தூரம் கிடைக்கும். துடிப்புகளை நாற்புறமும் வீசி அளக்கும் வகை லைடார் எனப்படும். அது விநாடிக்குப் பல்லாயிரம் புள்ளிகளை அளந்து நிலத்தின் வடிவத்தைக் காட்டும். புகைப்படத்தில் மரங்களின் உச்சி மட்டுமே தெரியும் இடங்களிலும், இலைகளின் இடைவெளி வழியே சில துடிப்புகள் தரையை அடையும். ஆனால் நெருக்கமாய் வளர்ந்த தேயிலைச் செடிகளின் கீழ் இது கடினம்.

தொழில்களில் உபயோகம்

மருந்து தெளிக்கும் ட்ரோன் சரிவான நிலத்தில் ஒரே மட்டத்திற் பறந்தால், மேட்டுப்புறத்திற் செடியில் மோதும். பள்ளத்தில் மருந்து காற்றோடு போய்விடும். தூரமானி செடிக்கும் ட்ரோனுக்கும் உள்ள இடைவெளியை இடைவிடாது அளப்பதால், ட்ரோன் சரிவைத் தொடர்ந்து ஏறி இறங்கும். இதே வேலைக்கு ரேடார் கருவியும் பயன்படுகிறது.

கற்குழிகளிலும் சுரங்கங்களிலும் குவியலின் கன அளவு இவ்வாறு கணிக்கப்படுகிறது. வனத்துறையினர் மரங்களின் உயரத்தை அறிகின்றனர். மின்சாரத் துறையினர் கம்பியின் தொய்வையும், கிளைக்கும் கம்பிக்கும் இடைப்பட்ட தூரத்தையும் அளக்கின்றனர். சாலை அமைப்போர் வெட்டவும் நிரப்பவும் வேண்டிய மண்ணின் அளவை மதிப்பிடுகின்றனர்.

சரிவின் அசைவை அறிதல்

ஒரே மலைச்சரிவைச் சில மாத இடைவெளியில் இருமுறை அளந்து, இரு படங்களையும் ஒப்பிட்டால் நிலம் இறங்கிய இடமும் மண் தேங்கிய இடமும் புலப்படும். எனினும் காணப்படும் வேறுபாடு கருவியின் பிழையளவிலும் பெரிதாயிருந்தாலன்றி அதனை அசைவெனக் கொள்ளலாகாது. மூடுபனியும் மழையும் ஒளியைச் சிதறடிப்பதால், பூனாகலை போன்ற இடங்களில் வானம் தெளிந்த வேளையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

கருவிக்கு அப்பால்

லேசர் நிலத்தின் மேற்பரப்பையே அளக்கும். மண்ணுள் ஊறிய நீரின் அழுத்தத்தை அது காட்டாது. ஆகையால் மழையளவும் நிலத்தின் அறிகுறிகளும் எப்போதும் கவனிக்கப்பட வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் சரிவுப் பகுதி மக்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் அல்லது புதிய இடத்தில் ஊற்றெடுத்தல் ஆகியவை அபாயக் குறிகள். இவற்றைக் கண்டவர் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலுக்காகக் காத்திராது, குடும்பத்துடன் பாதுகாப்பான இடத்திற்கு நீங்கிக் கிராம அலுவலருக்கும் தோட்ட நிர்வாகத்திற்கும் தெரிவித்தல் நன்று.

கான்களைத் துப்புரவு செய்து மழைநீர் சரிவில் தேங்காமல் வழிவிடுதலும், அபாயமெனக் குறிக்கப்பட்ட இடத்தில் மண்ணை வெட்டி வீடு கட்டாதிருத்தலும் ஒவ்வொருவர் கையிலும் உள்ளன. ட்ரோன் அளந்து தரும் படம், அதனைக் கொண்டு மக்களைப் பாதுகாப்பான இடத்திற் குடியமர்த்தும்போதே முழுப்பயன் தரும்.